மூச்சூட்டக் கற்றல்: நைரோபியிலிருந்து ஹைடோம் வரை

கென்யத் தலைநகர் நைரோபியின் தென்புறத்தில், லங்காட்டா சாலையை ஒட்டி அமைந்திருக்கும் வில்சன் விமான நிலையம் சிறு விமானங்கள் ஏறி இறங்கும் இடமாகும். தொலைவிலிருந்து மருத்துவம் கற்பித்தல் என்னும் முயற்சி கிழக்கு ஆப்பிரிக்காவில் எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிய விரும்பும் பயணிக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்க இடம் கிடைப்பது அரிது. 1956இல் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் கூடித் திட்டமிட்ட மைக்கேல் வுட், ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ, தாமஸ் ரீஸ் ஆகிய மூன்று அறுவை மருத்துவர்கள், அடுத்த ஆண்டிலேயே ‘கிழக்கு ஆப்பிரிக்கப் பறக்கும் மருத்துவர்கள்’ என்னும் சேவையைத் தொடங்கினர். பின்னாளில் அம்ரெஃப் என்று பெயர் பெற்ற அந்த அமைப்பின் தலைமையகம் இன்றும் இந்த விமான நிலையத்தை அடுத்தே உள்ளது. மருத்துவர் விமானத்தில் பறந்து செல்வது மக்கள் நினைவில் நிலைத்துவிட்ட காட்சி. ஆயினும் 1960களில் அவ்வமைப்பு நிறுவிய வானொலித் தொடர்பு வலையே இக்கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமானது. சாலையும் தொலைபேசியும் எட்டாத மிஷன் மருத்துவமனைகளிலும் சிறு மருத்துவ நிலையங்களிலும் தனித்துப் பணியாற்றிய செவிலியர்கள், குறித்த நேரத்தில் வானொலிக் கருவியின் முன் அமர்ந்து, நோயாளியின் நிலையை விவரித்து, நைரோபியிலிருந்த மருத்துவரின் அறிவுரையைப் பெற்றனர். கேட்டவர் ஒருவராயினும் அதே அலைவரிசையில் செவிமடுத்தவர்கள் பலராதலால், ஒரு நோயாளிக்காகக் கேட்கப்பட்ட ஐயம் பலருக்குப் பாடமாயிற்று.

நைரோபியிலிருந்து தெற்கே தான்சானிய எல்லைக்குச் செல்லும் நெடுஞ்சாலை, அத்தி ஆற்றுச் சமவெளியின் சிமெண்டு ஆலைகளைக் கடந்தபின் காஜியாடோ மாவட்டத்தின் வறண்ட புல்வெளிக்குள் நுழைகிறது. மாசாய் மக்கள் மாடு மேய்க்கும் இந்நிலத்தில் குடியிருப்புகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ளன. சாலையோர ஊர்களில் காணப்படும் சிறு மருத்துவ நிலையங்களில் பெரும்பாலும் மருத்துவர் இருப்பதில்லை. செவிலியரே நோயறிந்து மருந்து கொடுத்து மகப்பேறும் பார்க்கிறார். அச்செவிலியரின் கல்வியை உயர்த்த வேண்டுமாயின் அவரைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும், அனுப்பினால் நிலையத்தை மூட வேண்டும் என்பதே நெடுங்காலமாகத் தீராதிருந்த சிக்கல். கென்யச் செவிலியர் பெரும்பாலும் இரு நிலையினராக இருந்தனர். சான்றிதழ்ப் படிப்பு முடித்தவர் கீழ்நிலையினர். பட்டயப் படிப்பு முடித்துச் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்றவர் மேல்நிலையினர். எச்.ஐ.வி. மருத்துவமும் புதிய காசநோய், மலேரியா சிகிச்சை முறைகளும் பரவத் தொடங்கிய காலத்தில், நாட்டின் செவிலியருள் பெரும்பான்மையினர் சான்றிதழ் நிலையிலேயே இருந்தனர். அவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 20,000. வகுப்பறைகளால் மட்டும் இவ்வளவு பேரை மேம்படுத்த ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும் என்பதனால், 2005இல் செவிலியர் மன்றமும் நலவாழ்வு அமைச்சகமும் அம்ரெஃபும் அக்சென்சர் நிறுவனமும் இணைந்து மின்வழிக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கின.

அத்திட்டம் ‘மின்வழி’ எனப்பட்டாலும் தொடக்கத்தில் இணையவழியாக இருக்க இயலவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையைக் கடலடி இணைய வடம் எதுவும் அப்போது தொட்டிருக்கவில்லை. செயற்கைக்கோள் வழியாகக் கிடைத்த இணைப்போ மெதுவானது, விலையும் மிக அதிகம். ஆகவே பாடங்கள் குறுந்தகடுகளில் பதியப்பட்டு மருத்துவமனைகளிலும் செவிலியர் பள்ளிகளிலும் அமைந்த கணினி மையங்களுக்கு அனுப்பப்பட்டன. செவிலியர்கள் பணியை விடாமல், ஓய்வு நேரத்தில் அம்மையங்களுக்குச் சென்று கற்று, அருகிலுள்ள மருத்துவமனையில் வழிகாட்டி ஒருவரின் மேற்பார்வையில் செய்முறைப் பயிற்சியை முடித்து, இறுதியில் வகுப்பறை மாணவர் எழுதும் அதே மன்றத் தேர்வை எழுதினர். இத்திட்டத்தின் வலிமை கணினியில் இல்லை; தேர்வும் பதிவும் பதவி உயர்வும் அதனோடு இணைக்கப்பட்டிருந்ததிலேயே இருந்தது. கற்றதற்கு அரசின் ஏற்பு உண்டு என்ற உறுதி இருந்தமையால்தான் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டும் அதில் சேர்ந்தனர். இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் எத்தனையோ இணையப் பாடங்கள், படித்து முடித்ததும் ஒரு சான்றுத் தாளை அளிப்பதோடு நின்றுவிடுகின்றன. அத்தாளால் ஊதியமோ பொறுப்போ மாறுவதில்லை. பாடங்களின் தரத்தைப் பற்றி மிகுதியாகப் பேசும் வல்லுநர்கள் இந்த வேறுபாட்டைப் போதிய அளவு கருதுவதில்லை.

சீகாம் என்னும் கடலடி இணைய வடம் 2009இல் மொம்பாசாவுக்கும் தாருஸ்ஸலாமுக்கும் வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் டீம்ஸ் வடம் மொம்பாசாவை எட்டியது. அடுத்த ஆண்டில் ஈசி வடமும் வந்தது. இணையக் கட்டணம் சரிந்தது. அதற்குள் கைப்பேசி, 2007இல் சஃபாரிகாம் தொடங்கிய எம்-பேசா பணப்பரிமாற்றச் சேவையோடு சேர்ந்து, காஜியாடோவின் மேய்ச்சல் நிலம் வரை சென்றுவிட்டது. அம்ரெஃபும் கணினி மையத்திலிருந்து கைப்பேசிக்கு மாறி, ‘லீப்’ என்னும் பயிற்சி முறையை உருவாக்கியது. வீடு வீடாகச் சென்று தாய்சேய் நலம் பேணும் ஊர்மட்ட நலப்பணியாளர்களுக்கான இப்பயிற்சி, குறுஞ்செய்தியாகவும் பதிவுசெய்த குரலாகவும் எளிய பொத்தான் கைப்பேசிகளிலேயே இயங்குமாறு வடிவமைக்கப்பட்டது. அப்பணியாளர்கள் கையில் இருந்த கருவி எதுவோ அதற்கேற்பப் பாடத்தை அமைத்தது பாராட்டுக்குரியது. 2023இல் கென்ய அரசு ஏறத்தாழ ஒரு லட்சம் ஊர்மட்ட நலப்பணியாளர்களுக்குத் திறன்பேசியும் மருத்துவப் பையும் வழங்கியபோது, கைப்பேசியே பதிவேடாகவும் பாடநூலாகவும் ஆகும் காலம் அங்கு வந்துவிட்டது.

நமங்கா எல்லைச் சாவடியில் இரு நாட்டு அலுவலர்களும் ஒரே கட்டடத்தில் அமர்ந்து கடவுச்சீட்டுகளைச் சரிபார்க்கின்றனர். அதைக் கடந்தால் லோங்கிடோ மலையும், வானம் தெளிந்த காலைகளில் கிழக்கே 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவும் தென்படுகின்றன. தெற்கே மேரு மலையின் அடிவாரத்தில் அருஷா நகரம் உள்ளது. சரணாலயங்களுக்குச் செல்லும் வெளிநாட்டுப் பயணிகளின் வண்டிகள் நிறைந்த இந்நகரில்தான் கிழக்கு, நடு, தென் ஆப்பிரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் தலைமையகமும் இருக்கிறது. 1999இல் நிறுவப்பட்ட இக்கல்லூரிக்கு வகுப்பறைகளும் வளாகமும் கிடையா. பல நாடுகளில் தகுதி பெற்ற மருத்துவமனைகளே அதன் வகுப்பறைகள். அங்குப் பணியாற்றும் மூத்த அறுவை மருத்துவர்களே ஆசிரியர்கள். டப்ளினில் உள்ள அயர்லாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரியோடு 2007 முதல் ஏற்பட்ட கூட்டுறவினால் உருவான இணையவழிப் பள்ளி, மலாவியிலும் ஜாம்பியாவிலும் எத்தியோப்பியாவிலும் பயிலும் இளம் மருத்துவர்களை ஒரே நோயாளி நிலைமை குறித்துச் சேர்ந்து சிந்திக்க வைக்கிறது. பயிற்சிக்காக ஐரோப்பாவுக்குச் சென்ற மருத்துவர்களுள் பலர் திரும்பி வருவதில்லை என்பது இந்நாடுகள் நெடுங்காலம் பட்ட இழப்பாகும். பயிற்சி பெறுபவரை அவர் பணியாற்ற வேண்டிய இடத்திலேயே வைத்துக் கற்பிப்பது அவ்வகையில் கல்வி முறை மட்டுமன்று, ஒரு நாட்டின் தற்காப்புமாகும். எனினும் கத்தி பிடிக்கும் பயிற்சி இணையத்தில் இல்லை. அதை அருகில் நிற்கும் ஆசிரியரே தருகிறார். மாணவர் செய்த ஒவ்வோர் அறுவையும் குறிப்பேட்டில் பதியப்படுகிறது. இணையப் பாடம் அக்குறிப்பேட்டுக்குத் துணையாகவே நிற்கிறது.

அருஷாவிலிருந்து மேற்கே மக்குயுனியில் பிரியும் சாலை, பெரும்பிளவுப் பள்ளத்தாக்கின் செங்குத்தான சரிவில் வளைந்து ஏறுகிறது. கீழே மன்யாரா ஏரி வெளிறிய தகடாகப் பரந்து கிடக்கிறது. காரட்டு ஊரிலிருந்து பயணிகளின் வண்டிகளுள் பெரும்பாலானவை இங்கோரோங்கோரோவை நோக்கிச் செல்ல, தெற்கே ம்புலு மேட்டுநிலத்துக்குத் திரும்பும் செம்மண் சாலையில் வெளிநாட்டவரைக் காண்பது அரிதாகிறது. மக்காச்சோளமும் சூரியகாந்தியும் விளையும் இம்மேட்டுநிலம் ஈராக்கு மக்களின் தாயகம். அவர்கள் பேசுவது குஷிட்டிய மொழி. அடுத்துள்ள தாத்தோகா மேய்ப்பர்கள் பேசுவது நைலோட்டிய மொழி. இசான்சு உழவர்கள் பேசுவது பாண்டு மொழி. யேடா பள்ளத்தாக்கில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களின் மொழியோ நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் நிறைந்தது, இம்மூன்று குடும்பங்களுள் எதிலும் சேராதது. நாட்டின் பொதுமொழி சுவாகிலி; செவிலியர் கல்வியின் மொழி ஆங்கிலம். வெளிநாட்டில் உருவாகி ஆங்கிலத்தில் வந்து சேரும் ஓர் இணையப் பாடம், பேறுகால வலியில் துடிக்கும் தாத்தோகாப் பெண் ஒருத்தியிடம் சென்று சேர்வதற்குள் இரண்டு மொழிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு மொழிபெயர்ப்புகளையும் ஊதியமின்றி, பயிற்சியுமின்றி, அந்த நொடியிலேயே செய்பவர் செவிலியரே. பாடம் வகுப்போர் மொழியை இறுதியில் சேர்க்கும் அலங்காரமாகக் கருதுவது பெருங்குறை. குறைந்தது சுவாகிலியில் உருவாகும் பாடமாவது அச்சுமையுள் ஒன்றைக் குறைக்கும்.

டோங்கோபேஷ் வழியாகச் செல்லும் சாலை, அருஷாவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில், ஹைடோம் என்னும் சிற்றூரை அடைகிறது. 1955இல் நார்வே நாட்டு லூத்தரன் மிஷனால் நிறுவப்பட்ட ஹைடோம் லூத்தரன் மருத்துவமனை, இன்று 400க்கு மேற்பட்ட படுக்கைகளுடன் மன்யாரா வட்டாரத்துக்கும் அதற்கு அப்பாலும் உள்ள மக்களுக்கு ஆதாரமாக நிற்கிறது. மருத்துவப் பயிற்சி பற்றிய உலகச் சிந்தனையை மாற்றிய ஆய்வுகளுள் ஒன்று இங்கேதான் நிகழ்ந்தது. இப்பயணத்தின் நோக்கமும் அதுவே.

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு மூச்சைத் தொடங்கச் சிறிது உதவி தேவைப்படுகிறது. பெரும்பாலோர்க்கு உடலைத் துடைத்து, முதுகைத் தேய்த்தாலே போதும். ஒரு சிலருக்கு மட்டும் முகத்தில் பொருந்தும் முகமூடியும் கையால் அழுத்தும் காற்றுப் பையும் கொண்டு மூச்சூட்ட வேண்டும். பிறந்த முதல் நிமிடத்துக்குள் இது தொடங்க வேண்டுமாதலால் அதைப் ‘பொன் நிமிடம்’ என்பர். ‘குழந்தைகள் மூச்சுவிட உதவுதல்’ என்ற பயிற்சித் திட்டத்தை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பிறரோடு சேர்ந்து 2010இல் வெளியிட்டது. அதற்கான பயிற்சிப் பொம்மையை நார்வேயின் ஸ்தவாங்கர் நகர லேர்டால் நிறுவனம் வடிவமைத்தது. நீர் நிரப்பினால் உண்மைக் குழந்தையின் எடையைப் பெறும் இப்பொம்மை, காற்று சரியாகச் சென்றால் மட்டுமே மார்பை உயர்த்துகிறது. பொம்மை செய்யும் தொழிலில் இருந்த அந்நிறுவனம், 1960இல் பெரியவர்களுக்கு மூச்சூட்டக் கற்பிக்கும் உருவப் பொம்மையை வெளியிட்டதன் மூலம் மருத்துவக் கருவித் துறைக்கு வந்ததாகும்.

அதே 2010இல் ஹைடோமின் மகப்பேற்றுப் பணியாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி அளிக்கப்பட்டது. பிரசவ அறையில் ஆய்வு உதவியாளர்கள் இரவும் பகலும் இருந்து ஒவ்வொரு பிறப்பிலும் நிகழ்ந்ததை நேரக் கணக்கோடு பதிவு செய்தனர். ஏழு மாதங்களுக்குப் பின்னும் பணியாளர்கள் பொம்மையின் மீது தம் திறமையை மிக நன்றாகவே காட்டினர்; தேர்வில் முன்னிலும் பன்மடங்கு பேர் தேறினர். ஆனால் உண்மைப் பிறப்புகளில் அவர்கள் செய்த செயலில் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. 2013இல் வெளியான இம்முடிவை மருத்துவப் பயிற்சியில் ஈடுபடுவோர் அனைவரும், இணையவழிப் பயிற்சி வடிவமைப்போர் சிறப்பாகவும், ஆழ்ந்து எண்ண வேண்டும். நேரில், பொம்மையோடு, தேர்ந்த ஆசிரியரால் அளிக்கப்பட்ட பயிற்சியே நள்ளிரவில் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தையின் அருகே சென்று சேரவில்லை என்றால், திரையில் காணொளி பார்த்துக் கேள்விக்கு விடையளித்ததோடு முடியும் பயிற்சி அங்கே சேரும் என்று நம்புவதற்கு இடமில்லை.

ஹைடோம் மருத்துவமனை அம்முடிவைக் கண்டு சோர்ந்துவிடவில்லை. பயிற்சிப் பொம்மையை வகுப்பறைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரசவ அறையிலேயே வைத்தது. பணிமுறை தொடங்கும்போது சில நிமிடங்கள், வாரந்தோறும், மறவாமல், பணியாளர்கள் தம்முள் ஒருவரின் வழிகாட்டுதலில் மூச்சூட்டிப் பழகினர். அதன்பின் குழந்தைகளைத் தேய்த்துத் தூண்டுவது கூடியது. பையும் முகமூடியும் தேவைப்பட்டோர் குறைந்தனர். பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேரும் இறப்பு, ஆயிரத்துக்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆகக் குறைந்ததாக 2015இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. முன்னும் பின்னும் ஒப்பிடும் இத்தகைய ஆய்வில் வேறு காரணங்களும் கலந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஆயினும் மாறியது என்ன என்பது தெளிவு. பாடத்தின் உள்ளடக்கம் மாறவில்லை. பாடம் நிகழ்ந்த இடமும், அது திரும்ப வந்த இடைவெளியும் மாறின. நாள்தோறும் அடுப்பில் கை வைப்பவளுக்கே உப்பின் அளவு கைக்கு வரும் என்று நம் வீடுகளில் அறிந்திருப்பதை இங்கு அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இணையவழிப் பயிற்சிக்கு இதில் இடமில்லையோ என்று ஐயுற வேண்டியதில்லை. இதற்குப் பின்தான் அதன் உண்மையான இடம் புலப்பட்டது. ஹைடோமில் முதிர்ந்த இம்முறை ‘பாதுகாப்பான பிறப்புகள்’ என்னும் தொகுப்பாக விரிந்து, தான்சானியாவின் மன்யாரா, தபோரா, கெய்தா, ஷின்யாங்கா, ம்வான்சா ஆகிய ஐந்து வட்டாரங்களில் 30 மருத்துவ நிலையங்களுக்குச் சென்றது. புதிய வகைப் பொம்மை, பயில்பவர் கொடுத்த ஒவ்வொரு மூச்சின் அளவையும் வேகத்தையும் கைக்கணினிக்கு அனுப்பி, பிழையை உடனே சுட்டுகிறது. பயிற்சியாளர் வெளியூரிலிருந்து வரும் வல்லுநர் அல்லர். அதே நிலையத்தின் செவிலியருள் ஒருவர். பிறப்புகளின் விவரங்களைப் பார்த்து, எந்தப் பிழை மிகுந்திருக்கிறதோ அதை அடுத்த வாரப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதும் அவர்களே. நிலையங்களைப் படிப்படியாகச் சேர்த்து ஒப்பிடும் முறையில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மாரை உள்ளடக்கி நடந்த இந்த ஆய்வு 2025இல் வெளியானது. பிறப்பை ஒட்டிய குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 15.3 என்பதிலிருந்து 12.5 ஆகக் குறைந்ததை அது காட்டியது. வல்லுநரின் சொற்பொழிவைத் தொலைவுக்கு எடுத்துச் செல்வதைவிட, தொலைவில் இருப்பவரின் கை செய்ததை அவருக்கே திருப்பிக் காட்டுவதில்தான் மின்னணுக் கருவியின் பயன் பெரிது என்பது இதனால் உறுதிப்படுகிறது.

மகப்பேற்றுக்குப் பின் தாய்க்கு நேரும் குருதிப்பெருக்கிலும் இதே நிலைதான். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, குருதியை அளவுக்கோடிட்ட நெகிழிப் பையில் சேர்த்து அளந்து, இழப்பு மிகுந்தவுடன் கருப்பையைத் தேய்த்தல், மருந்துகள், சிரைவழி நீர்மம் ஆகியவற்றை ஒருசேரத் தொடங்கினால் கடும் குருதிப்பெருக்கு தொடர்பான நிலைமைகள் 60 விழுக்காடு குறையும் என்று காட்டியது. இதை ஒரு குறும்படத்தில் கற்பித்துவிடலாம். ஆனால் அளவுப் பை நிலையத்தில் இருக்க வேண்டும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டுமென்பதால், குளிர்பெட்டிக்கு மின்சாரம் இருக்க வேண்டும். மின்சாரத்தைப் போலவே இணையமும் நொய்ந்தது என்பதை 2024 மே 12 அன்று சீகாம், ஈசி ஆகிய இரு வடங்களும் அறுந்து தான்சானியா உள்ளிட்ட நாடுகளின் இணையம் பெரிதும் முடங்கியபோது அனைவரும் கண்டனர். கருவியிலேயே பதிந்து வைத்துக்கொண்டு, இணைப்பு வந்தபோது புதுப்பித்துக்கொள்ளும் பாடங்களே இந்நிலத்துக்கு ஏற்றவை. 2005இன் குறுந்தகட்டில் இருந்த அறிவு இன்றும் பழசாகிவிடவில்லை.

ஹைடோம் போன்ற மருத்துவமனைகளுக்கு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மருத்துவரும் செவிலியரும் தொடர்ந்து வந்து பணியாற்றுகின்றனர். புறப்படுமுன் மலேரியா, ஊட்டக்குறைவு, காசநோய் முதலியன பற்றி அவர்கள் இணையத்தில் கற்று வருவது வழக்கம்; அது தேவையும்கூட. தம் நாட்டில் ஒரு குழந்தைக்கு மூச்சூட்ட மூன்று நான்கு பேர் சூழ நின்று பழகியவருக்கு, இரு தாய்மாருக்கு இடையே ஒருவராக நிற்கும் செவிலியரின் பணி எத்தகையது என்பது அப்பாடங்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதை எழுதத் தகுதியுடையோர் ம்புலு மேட்டுநிலத்தில் ஆண்டுக்கணக்கில் குழந்தைகளை ஏந்திய கைகளுக்கு உரியோர். அந்தத் திசையில் ஒரு தொடக்கம் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது. ‘குழந்தைகள் மூச்சுவிட உதவுதல்’ திட்டத்தின் இரண்டாம் பதிப்பு 2016இல் வெளிவந்தபோது, ஒருநாள் வகுப்பு போதாது, பணியிடத்திலேயே சிறிது சிறிதாக அடிக்கடி பழக வேண்டும் என்பது அதன் மையத்தில் வைக்கப்பட்டது. உலகின் பல நாடுகளில் பயிற்சி பெறுவோர் இன்று பின்பற்றும் அந்நெறிக்கு ஆதாரமாக அமைந்தவற்றுள் ஹைடோம் பிரசவ அறையின் பதிவேடுகளும் அடங்கும்.